மிஸ்ஸியின் பலூன் சோதனை

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் லாப் கதவு காலால் தள்ளித் திறக்கப்படும். தியேட்டர் மிஸ்ஸி வந்துவிட்டார் என்று அர்த்தம். கையால் திறக்க அவரால் முடியாது. பச்சைத் துணியால் மூடிய தட்டு ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வருவார். அதை என் மேசையில் இறக்கி வைத்து, துணியை ஒரு நுனியில் பிடித்து மெல்ல விலக்குவார். உள்ளே இடியப்பத்தைவிடச் சற்றுத் தடித்த மஞ்சள் குழாய்கள் சுருண்டு கிடக்கும். "மிஸ், புள்ளைகள் சோதினைக்கு வந்திரிக்காங்க. கேள்வித்தாள் ரெடியா?" என்பார். என் முறை வரும் வாரங்களில் நான் என் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசியை எடுத்து என் இரத்தத்தை நானே குத்தி எடுக்கத் தொடங்குவேன். கேள்வித்தாள் அதுதான்.

வாவிக்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். யுத்தம் நடந்த வருடங்களில் நான் அங்கே ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். மிஸ்ஸி சத்திரசிகிச்சை தியேட்டரில் தாதி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் டவுனில் மெதடிஸ்ற் குடும்பத்துப் பெண். நான் குருக்கள்மடத்தில் இருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வந்து போகிறவள். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அவருக்குச் சட்டென்று சிரிப்பு வரும். ஒரே மேசையில் வேலை செய்ய இதைவிடப் பொருத்தம் தேவையில்லை.

அந்த மஞ்சள் குழாய்களைக் கதீற்றர் என்போம். நுனியில் அரிசிமணி அளவில் ஒரு ரப்பர் பலூன் இருக்கும். காலுக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிபட்டு அடைத்துக்கொண்டால் கால் குளிர்ந்து வெளிறிவிடும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் கட்டியை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும். பெரிய டொக்டர் கவட்டடியில் சிறிதாகக் கீறி, இந்தக் குழாயை உள்ளே விட்டு, கட்டியைத் தாண்டிப் போனதும் சேலைன் ஏற்றிப் பலூனை வீங்கவைத்து, அப்படியே பின்னுக்கு இழுப்பார். கட்டி பலூனோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சொல்ல இலகு.

வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்போது பெரிய டொக்டர் தன் பெட்டியில் ஆறு கதீற்றர்கள் கொண்டுவந்திருந்தார். எங்களிடம் இருந்தவை அவ்வளவுதான். கொழும்புப் பாதை சில நாள் திறந்திருக்கும், பல நாள் மூடியிருக்கும். பஞ்சும் பிளாஸ்ரரும் வருவதே பெரும்பாடு. "ஒரு தரம் மட்டுமே பாவிக்கவும்" என்று பொதியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மிஸ்ஸி அதை உரக்க வாசித்துவிட்டு, "இத அடிச்சவங்க மட்டக்களப்புப் பக்கம் வந்ததில்லப் போல கிடக்கு" என்றார். நாங்கள் கழுவிக் கழுவிப் பாவித்தோம்.

ரப்பருக்கு எங்கள் வெயில் ஒத்துக்கொள்ளாது. ஒருநாள் ஒரு மீனவர் தியேட்டர் மேசையில் கிடந்தார். குழாய் உள்ளே போன பிறகு பலூன் வீங்கவே இல்லை. எங்கோ ஊசிமுனை அளவு ஓட்டை. அடுத்த குழாயை எடுத்து, அதுவும் தகராறு பண்ணி, நேரம் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே அவருக்குக் கால் இல்லாமல் போயிற்று. அன்று பின்னேரம் மிஸ்ஸி என் லாப்புக்கு வந்து ஸ்ரூலில் இருந்தார். சிரிக்கவில்லை. "மிஸ், நாம இத மனுசருக்குள்ள விட்டுத்தான் சோதிக்கிறம். மனுசருக்கு முன்னால வேற எங்கயாவது விட்டுச் சோதிச்சா என்ன?" என்றார். எங்கள் சனிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின.

முதல் பாடத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது சைக்கிள் கடை. பஞ்சரான ரியூப்பைக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே வித்தை. பலூனை ஊதி, கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் அமுக்கி, இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்ப்போம். குமிழி வந்தால் அந்தக் குழாய் பெயில்.

அடுத்தது, கட்டியை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரத்தக்கட்டி வேண்டும். முதல் வாரம் மிஸ்ஸி தன் கெட்டித்தனத்தில் இரத்த வங்கியில் காலாவதியான ஒரு பை இரத்தத்தை வாங்கிவந்து, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி வைத்துவிட்டு, கட்டிபடும் கட்டிபடும் என்று ஒரு மணித்தியாலம் காவல் இருந்தார். நான் வேறு வேலையில் இருந்ததால் கவனிக்கவில்லை. "இதென்ன மிஸ், தயிர் கூட இதுக்குள்ள உறைஞ்சிருக்கும்" என்று அவர் அலுத்துக்கொண்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன். இரத்தம் உறையக் கூடாது என்றுதானே அந்தப் பைக்குள் மருந்து கலந்து வைத்திருக்கிறது! எனக்கு வந்த சிரிப்பில் நுணுக்குக்காட்டியைத் தட்டி விழுத்தப் பார்த்தேன். அதன் பிறகு இரத்தம் எங்களுடையது. ஒரு வாரம் என் முறை, அடுத்த வாரம் அவர் முறை. என்னுடையது விரைவாக உறையும். "கோவக்காரியின்ட ரத்தம் எல்லே" என்பார்.

கால் நாடி எங்கே பிரிகிறதோ அதே மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயை நான் நெருப்பில் வாட்டிக் கவராக வளைத்து வைத்திருந்தேன். கண்ணாடி என்றால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். ஆனால் பெரிய டொக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில கட்டி வழுக்கிக்கொண்டு வரும் மிஸ்ஸி. உண்மையான நாடியில ஒட்டிக்கொண்டு நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிஸ்ஸி விடுவாரா? மறுநாளே சந்தையில் இறைச்சிக் கடைக்குப் போய் ஆட்டுக் கழுத்துக் குழாய் வேண்டுமென்று கேட்டார். கடைக்காரர் மூச்சுக்குழலைச் சுற்றிக் கொடுத்தார். அடுத்த முறை மிஸ்ஸி காகிதத்தில் படம் கீறிக் காட்டினார். "ரத்தம் ஓடுற குழாயா? அத இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லயே. என்ன கறி வைக்கப் போறீங்க மிஸ்ஸி?" என்று அவர் கவலையோடு விசாரித்தாராம். "பலூன் கறி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இப்படிச் சோதனை வளர்ந்தது. மூன்று தரம் ஊதி, மூன்று தரம் இழுத்து, மூன்று தரமும் சுத்தமாகக் கட்டியைக் கொண்டுவந்தால்தான் பாஸ். இது மிஸ்ஸி போட்ட சட்டம். பெயிலான குழாயை அந்த இடத்திலேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிட வேண்டும். வைத்திருந்தால் அவசரத்தில் யாராவது எடுத்துப் பாவித்துவிடுவார்கள் என்பது அவர் பயம். குழாய்களுக்கு மூத்தது, நடுவில், கடைக்குட்டி என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார். ஆனாலும் வெட்டும்போது கண் கலங்க மாட்டார். எனக்குத்தான் வயிறு எரியும். பாவித்த கண்ணாடித் துண்டைக்கூடக் கழுவி அடுக்குகிற சாதி நான்.

மாதங்கள் போகப் போக ஆறு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. மிஞ்சிய இரண்டில் ஒன்றின் பலூன் ஒருபக்கமாக வீங்கத் தொடங்கியது. ஓட்டை இல்லை. ஆனால் கண்ணாடிக் குழாயில் இழுத்தால் ஒரு பக்கத்துக் கட்டியைத்தான் கொண்டுவரும். தாடி வழிக்கும்போது ஒரு கன்னத்தை மறந்துவிட்ட மாதிரி மறுபக்கத்தில் கட்டி அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான் சும்மா இருக்காமல் குழாயை அரைவட்டம் திருப்பி இன்னொரு தரம் இழுத்தேன். மிச்சமும் வந்துவிட்டது. "பாத்தீங்களா!" என்றேன் பெருமையாக. மிஸ்ஸி தலையை ஆட்டினார். "ரெண்டாந் தரம் எழுதிப் பாஸ் பண்ணுறது இஞ்ச செல்லாது கா. வெட்டுங்க கோணல." அன்று வெட்டுவது என் முறை. நான் மேசைக்குக் கீழே ஒரு பழைய சேலைன் குழாயை வெட்டி வாளிக்குள் போட்டுவிட்டு, கோணலைப் பவுடர் தடவி என் மேசை லாச்சிக்குள் ஒளித்தேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டதில் அவர் திருப்தியாகப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த களவுகள் குறைவு. இதற்காக அன்றைக்கு ஒரு துளியும் வெட்கப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்குட்டி மட்டும் தட்டில் வந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்: சுத்தமான பாஸ். மிஸ்ஸி கைதட்டினார். அந்த நேரம் பார்த்து நோயாளர் வாட்டில் இருந்து ஆள் ஓடிவந்தார். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்களாம், இடது கால் அடைப்பு, பெரிய டொக்டர் தியேட்டரை ஆயத்தம் பண்ணச் சொல்கிறார், கதீற்றர் வேண்டும்.

பிறகு தெரிந்துகொண்ட விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்றில் இதய வால்வு பழுதாகியிருந்தது. அங்கே உருவான கட்டி ஒன்று காலுக்கு இறங்கியிருக்கிறது. காலையில் வயல் வட்டைக்குப் புருஷனுக்குச் சோறு கொண்டுபோனவர், கால் விறைத்து வரம்பிலேயே இருந்துவிட்டார். புருஷன் தோளில் தூக்கிக்கொண்டு வயலைத் தாண்டி, உழவு இயந்திரத்தில் ஏற்றி, அம்பிளாந்துறையில் பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்திருந்து வாவியைக் கடந்து, குருக்கள்மடத்துக் காவலரணில் மறிபட்டு, வான் பிடித்து வந்து சேர்ந்தபோது நாலரை மணித்தியாலம் போய்விட்டது. மிச்சம் ஒன்றரை.

மிஸ்ஸி கடைக்குட்டியைக் கையில் எடுத்தார். நேரே கிருமிகொல்லித் திரவத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. அந்த மீனவரின் கால் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "ஒருக்கா பாத்திட்டுக் குடுப்பம் மிஸ். ஒரே ஒருக்கா" என்றார். நானும் தடுக்கவில்லை. நாலாவது தரம் சேலைனை ஏற்றினார். பொக்.

சின்னச் சத்தம்தான். தண்ணீரில் ரப்பர்ப் பிசிறு மிதந்தது. அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. வாரா வாரம் மூன்று தரம் ஊதி ஊதி, அந்தப் பலூன்களின் ஆயுளைத் தின்றதே எங்கள் சோதனைதான். வெயிலை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். மிஸ்ஸி ஸ்ரூலில் இருந்துவிட்டார். "அந்தப் புள்ளையின்ட கால நானே வெட்டினது மாதிரித்தான்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

நான் லாச்சியைத் திறந்து கோணலை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். "பொய்க்காரி" என்றார். "நீ... நீ கத்தரிச்சது என்ன?" பழகிய அத்தனை வருடத்தில் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "சேலைன் ரியூப்" என்றேன். ஒரு கணம் கன்னத்தில் அறையப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் என் கன்னத்தைப் பிடித்து ஒரு கொஞ்சுக் கொஞ்சிவிட்டு, குழாயைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "இத இனி ஊதிப் பாக்கப்படாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அதைக் கிருமிகொல்லித் திரவத்தில் போட்டார்.

நான் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தும் இரத்தத்தை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனபோது மிஸ்ஸி பெரிய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். கடைக்குட்டியைத் தான் உடைத்ததை முதலில் சொன்னாராம். மற்றவர்கள் என்றால், அது தானாக உடைந்தது என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். டொக்டர் கையுறை போட்டபடி கேட்டார்: "உங்கட சட்டப்படி இது பெயில்தானே மிஸ்ஸி?"

"ஓம் சேர், பெயில்தான். ஆனா எதில பெயில் எண்டு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க."

"ஒரு பக்கம் விட்டிட்டு வரும். முதல் இழுவையில அரைவாசிதான் வரும். மறுகா அரைவட்டம் திருப்பி விட்டு இழுத்தா மிச்சம் வரும். நாங்க கண்ணாடியில பாத்திரிக்கம் சேர்."

டொக்டர் மற்றக் கையுறையையும் போட்டுக்கொண்டார். வேறு வழி அவருக்கும் இல்லை. "அப்ப நீங்கதான் எனக்குக் கண்ணாடி. பக்கத்தில நில்லுங்க" என்றார்.

கவட்டடியை மட்டும் விறைக்கப் பண்ணிச் செய்கிற சிகிச்சை அது. அந்தப் பெண் முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரம்பில் விட்டுவந்த சோற்றுச் சட்டியை மாடு கவிழ்த்திருக்கும் என்று மட்டும் ஒருதரம் சொன்னார். குழாய் உள்ளே போனது. பலூன் தாங்குமா என்று நான் டொக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் இழுத்தார். நாவற்பழ நிறத்தில் ஒரு சின்னத் துண்டு வந்தது. இரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மிஸ்ஸி சொன்னபடியே அரைவாசி. "திருப்புங்க சேர்" என்றார் மிஸ்ஸி. சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு தாதி உத்தரவு போட்டதை நான் கண்டது அன்றுதான். அவரும் மறுபேச்சில்லாமல் திருப்பினார். மெதுவாக இழுத்தார். விரல் நீளத்துக்கு, வாலும் கிளையுமாக, ஒரு முழுக் கட்டி பலூனுக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே இரத்தம் பாய்ந்து டொக்டரின் மேலங்கியை நனைத்தது. ஒரு மனுஷர் இரத்தம் தெறித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனாலும் கால் வெள்ளையாகவே கிடந்தது. தையல் முடியும் வரைக்கும் மிஸ்ஸி பச்சைத் துணிக்குக் கீழே கையை விட்டு அந்தப் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் முகத்தைச் சுளித்தார். "மிஸ்ஸி, காலுக்குள்ள எறும்பு ஓடுது" என்றார். "ஓடட்டும் புள்ள, நல்லா ஓடட்டும்" என்று சொல்லும்போதே மிஸ்ஸியின் முகமூடிக்கு மேலால் கண்ணீர் வழிந்தது. எனக்கும்தான். டொக்டர் மட்டும் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமையே மிஸ்ஸி தன் சட்டத்தைத் திருத்தினார். ஒரு குழாயை ஒரு தரம்தான் ஊதிப் பார்ப்பது. வெட்டுவது இல்லை, என்ன குறை என்று துண்டில் எழுதிக் கட்டி வைப்பது. கொஞ்சக் காலத்தில் கப்பலில் புதியவை வந்தன. அவற்றுக்கும் அதே முறைதான். "இடப்பக்கம் சரியும்", "மெதுவா வீங்கும், அவசரப்படுத்தாதீங்க" என்றெல்லாம் அவர் எழுதிய துண்டுகளை வாசித்தால், ஏதோ பிள்ளைகளை விடுதியில் சேர்க்கிற தாய் எழுதிய கடிதம் போல இருக்கும்.

போன வருடம் என் தம்பிக்கு மூளைக்குப் போகும் நாடியில் அடைப்பு. நல்ல காலம், நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். தொடையால் குழாய் விட்டு மூளைக்குள் இருந்த கட்டியையே எடுத்துவிட்டார்கள். எடுத்த இளம் டொக்டர், நான் லாப்பில் வேலை செய்தவள் என்று அறிந்ததும் தன் போனில் ஒரு படம் காட்டினார். எங்கோ ஒரு வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் கண்ணாடி போன்ற குழாய்களால் மூளை நாடிகளைச் செய்து வைத்து, உள்ளே செயற்கைக் கட்டி போட்டு, புதுக் கருவிகளை இழுத்து இழுத்துச் சோதிக்கிறார்கள். எது எந்தக் கட்டியை விட்டுவிட்டு வருகிறது என்று பார்த்து எழுதுகிறார்கள். நான் வாட்டு அதிரச் சிரித்துவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோனார். அன்றிரவே அவுஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிற மிஸ்ஸிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "ரத்தம் ஆர்ர முறையாம்?" என்று கேட்டார்.

அந்தப் படுவான்கரைப் பெண் சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். அன்று காலை நான் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுக்க வாட்டுக்குப் போயிருந்தேன். மிஸ்ஸியும் வழியனுப்ப வந்திருந்தார். புருஷன் துணிப் பையைத் திறந்து ஒரு செருப்பை எடுத்து வெட்கத்தோடு கீழே வைத்தார். வலதுகால் செருப்பு ஒன்றுதான் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடியபோது மற்றது வட்டைச் சேற்றில் கழன்றுவிட்டதாம். போய்த் தேடியும் கிடைக்கவில்லையாம். "இது மட்டும் என்னத்துக்கு எண்டு எறியத்தான் பாத்தன் மிஸ்ஸி. மறுகா, கால எடுத்தா ஒண்டே போதுமே எண்டு வெச்சிரிந்தன்" என்றார் அவர். சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

மிஸ்ஸி குனிந்து அந்தச் செருப்பை எடுத்தார். நேரே போய்க் குப்பை வாளிக்குள் போட்டார். திரும்பி வந்து தன் இரண்டு செருப்பையும் கழற்றி அந்தப் பெண்ணின் முன்னால் ஒழுங்காக வைத்தார். "போடு புள்ள" என்றார். மிஸ்ஸியின் பாதம் பெரியது. அந்தப் பெண் அதை இழுத்து இழுத்து, புருஷன் கையைப் பிடிக்காமல், நீண்ட விறாந்தையில் தானாக நடந்து போனார். நாங்கள் இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். சளக், சளக். இரண்டு காலுக்கும் ஒரே சத்தம்தான்.